பழைய கம்ப்யூட்டர் டேப் ரீல் கைக்கு வந்தா முதல்ல என்ன பண்ணணும்

பத்தரை இன்ச் ரீல் ஒண்ணு கைல கிடைச்ச உடனே எல்லாருக்கும் வர்ற முதல் ஆசை ஒண்ணு தான், இதுல என்ன இருக்குன்னு ஓட்டிப் பாத்துடணும். தயவு செஞ்சு அத பண்ணாதீங்க. ஐம்பது வருஷம் சும்மா கிடந்த டேப்ப அப்படியே டிரைவ்ல மாட்டி ஓட்டினா ஹெட்ல உரசி மேல இருக்கற ஆக்சைடு பூச்சு பழுப்புப் பொடியா உதிர்ந்துடும், அந்தப் பொடி தான் டேட்டா, அது போச்சுன்னா உலகத்துல எந்த சாஃப்ட்வேரும் திருப்பித் தராது. முதல் தடவ ஓட்டுறதே கடைசி தடவையா இருக்கலாம்னு நெனச்சுக்கிட்டு தான் ஒவ்வொரு ரீலையும் தொடணும். அதனால இந்த கட்டுரைல பெரும்பகுதி ஓட்டுறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது பத்தி தான் இருக்கும், வேலையே அங்க தான் இருக்கு.

இதெல்லாம் இன்னும் வேல செய்யுமான்னு சந்தேகம் இருக்கறவங்களுக்கு: 2025-ல அமெரிக்கால யூட்டா யுனிவர்சிட்டில ஸ்டோர் ரூம் சுத்தம் பண்ணப்போ ஒரு ரீல் கிடைச்சுது, லேபிள்ல கையெழுத்துல பெல் லேப்ஸ்ல இருந்து வந்த ஒரிஜினல் யூனிக்ஸ் வி4ன்னு எழுதியிருந்துச்சு. வி4 வெளியானது 1973. யூனிக்ஸ்ங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதிய, அதாவது கெர்னல, சி மொழில திருப்பி எழுதின முதல் வெர்ஷன் அது தான், முழுசா யார்கிட்டயும் இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. கண்டுபிடிச்சவங்க அத அவசரப்பட்டு எதுலயும் மாட்டல. கலிபோர்னியால இருக்கற கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்துக்கு கார்ல கொண்டு போய்க் கொடுத்தாங்க, அங்க சாஃப்ட்வேர் கியூரேட்டர் ஆல் கொஸ்ஸோவ் டிசம்பர்ல படிச்சு எடுத்துட்டார். அம்பது வருஷத்துக்கு மேல ஆன டேப். அவர் எப்படி படிச்சார்ங்கறது கீழ வரும், அதுல தான் விஷயமே.

தொடுறதுக்கு முன்னாடி

முதல்ல போட்டோ. பெட்டி, பெட்டிக்குள்ள இருக்கற துண்டுச் சீட்டு, ரீலோட ரெண்டு பக்கம், ஓரத்துல ஒட்டின ஸ்டிக்கர், எல்லாமே. லேபிள் மேல லேபிள் ஒட்டியிருந்தா பிச்சுப் பாக்காதீங்க, அப்படியே போட்டோ எடுங்க. அந்தக் காலத்துல டேப் விலை ஜாஸ்தி, ஒரே ரீல அழிச்சு அழிச்சு திரும்ப யூஸ் பண்ணுவாங்க, அதனால மேல இருக்கற லேபிள் சொல்றதும் உள்ள இருக்கறதும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமே இல்ல. நாசாவே அப்பல்லோ 11-ஓட ஒரிஜினல் டெலிமெட்ரி டேப்ப அழிச்சு மறுபடி யூஸ் பண்ணிட்டாங்கன்னு 2009-ல ரிப்போர்ட் போட்டாங்க, அவங்களுக்கே அந்தக் கதின்னா ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி ஆபரேட்டர் என்ன பண்ணியிருப்பார்னு யோசிச்சுக்கோங்க.

பெட்டில பழைய பிரிண்ட் அவுட்டோ, "பிளாக் சைஸ் 800, ரெக்கார்டு 80"ன்னு கிறுக்கின பேப்பரோ இருந்தா அத குப்பைல போட்டுடாதீங்க. டேட்டாவ எத்தன எத்தன எழுத்துக் கட்டா (அந்தக் கட்டு தான் பிளாக்) பிரிச்சு எழுதினாங்கன்னு சொல்ற அந்த ஒரு வரி உங்களுக்கு பின்னாடி பல நாள் வேலைய மிச்சப்படுத்தும்.

அடுத்தது ரிங். ரீலோட பின்பக்கம், நடு ஓட்டைய சுத்தி ஒரு பள்ளம் இருக்கும், அதுல பிளாஸ்டிக் வளையம் மாட்டியிருக்கா பாருங்க. வளையம் இருந்தா தான் அந்த டேப்ல எழுத முடியும், இல்லன்னா டிரைவ் படிக்க மட்டும் தான் விடும். ஆபரேட்டருங்க "நோ ரிங், நோ ரைட்"ன்னு சொல்லிக்குவாங்க. ஸ்டிக்கர் ஒட்டி எழுத விடாம தடுக்கற அஞ்சேகால் இன்ச் ஃப்ளாப்பில பழகினவங்களுக்கு இது தலைகீழா தெரியும். வளையம் இருந்தா உடனே கழட்டி தனியா ஒரு கவர்ல போட்டு அந்த ரீலோட நம்பர எழுதி வச்சுடுங்க. மொத்த வேலைலயும் இத விட சுலபமான பாதுகாப்பு கிடையாது.

அப்புறம் மோந்து பாருங்க, சும்மா சொல்லல. பெட்டிய திறந்த உடனே காடி வாடை, அதாவது வினிகர் மாதிரி சுருக்குன்னு மூக்குல ஏறுனா அந்த ரீல மத்த ரீலுங்க பக்கத்துல வைக்காதீங்க, ஏன்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன். மக்கின வாடையும், சுத்துல வெள்ளையாவோ சாம்பலாவோ பஞ்சு மாதிரியும் தெரிஞ்சா பூஞ்சை. மாஸ்க், கையுறை போடாம தொடாதீங்க, தனி கவர்ல போட்டு தனி ரூம்ல வைங்க. நம்ம ஊரு சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்துல பரண்ல கிடந்த டேப்ல இது சர்வ சாதாரணம். ஈரமா இருக்கறப்போ பூஞ்சைய துடைச்சா இன்னும் உள்ள தேய்ச்சு விட்டுடுவீங்க, முதல்ல ஈரப்பதம் கம்மியான இடத்துல வச்சு காய விடணும், காஞ்சப்புறம் ஹெப்பா ஃபில்டர் இருக்கற வேக்வம்ல மெதுவா உறிஞ்சணும்.

இது கம்ப்யூட்டர் டேப் தானா

ரீல்ல இருக்கறதெல்லாம் கம்ப்யூட்டர் டேப் இல்ல. கால் இன்ச் அகலம்னா பெரும்பாலும் பாட்டு, பேச்சு ரெக்கார்ட் பண்ண ஆடியோ டேப். கம்ப்யூட்டர் டேப்புல பெரும்பகுதி அரை இன்ச் அகலம், ஆனா அரை இன்ச்னு சொன்ன உடனே முடிவு கட்டிடாதீங்க, எழுபதுகள்ல வந்த ரீல் டைப் வீடியோ டேப்பும் அரை இன்ச் தான். வித்தியாசம் நடு ஓட்டைல இருக்கு. வீடியோ ரீல்ல ஓட்டை சின்னதா, விரல் கூட சரியா நுழையாத அளவுல இருக்கும். கம்ப்யூட்டர் ரீலோட ஓட்டை 3.69 இன்ச், கிட்டத்தட்ட 94 மில்லிமீட்டர், உள்ளங்கையே உள்ள போகும். மூணு இன்ச் ஓட்டையோட ஒரு இன்ச் அகல டேப் வந்தா அது பெரும்பாலும் ராக்கெட், டெலிமெட்ரி, லேப் சிக்னல்லாம் பதிவு பண்ண இன்ஸ்ட்ருமென்டேஷன் டேப், அது தனி உலகம், இந்த கட்டுரைய வச்சு அதுல கை வைக்காதீங்க.

ஸ்கேல் வச்சு அளக்கறப்போ டேப்ப இழுத்து அளக்க வேண்டாம், ரீலுக்குள்ள சுத்தோட அகலத்த ரெண்டு தகடுக்கு நடுவுல பாத்தாலே போதும்.

ரீல் சைஸ வச்சு நீளத்த ஊகிக்கலாம்: பத்தரை இன்ச் ரீல்ல வழக்கமா 2400 அடி, எட்டரை இன்ச்ல 1200, ஏழு இன்ச்ல 600. உள்ள கம்மியா சுத்தியிருக்கவும் வாய்ப்பு இருக்கு, ஆபரேட்டருங்க மோசமான முன்பகுதிய வெட்டி எறிஞ்சுட்டே வருவாங்க.

ரெண்டு விசேஷ கேஸ் சொல்லிடறேன். ரீல தூக்கினா பயங்கர கனமா இருக்கு, டேப் பிளாஸ்டிக்கே இல்ல, மெட்டல் பட்டையா பளபளன்னு இருக்குன்னா நீங்க பெரிய அதிர்ஷ்டசாலி. 1951-ல வந்த யூனிவாக் கம்ப்யூட்டரோட யூனிசர்வோ டேப் அது, பாஸ்பர் பிரான்ஸ் மேல நிக்கல் முலாம் பூசினது, அரை இன்ச் அகலத்துல 8 ட்ராக் (டேப்போட நீளவாக்குல ஓடற பதிவு வரிசை), இன்ச்சுக்கு 128 எழுத்து. ஓரம் கையக் கிழிச்சுடும், மடங்கினா மடங்கினது தான். எதுவும் பண்ணாம மியூசியத்துக்கு போன் போடுங்க.

இன்னொண்ணு, நாலு இன்ச்சுக்கும் கொஞ்சம் கம்மியான குட்டி ரீல், டேப் மட்டும் முக்கால் இன்ச் அகலம். இது டெக் கம்பெனியோட டெக்டேப், பிடிபி மெஷின்கள்ல ஓடினது. எனக்கு தனிப்பட்ட முறைல ரொம்ப பிடிச்ச டேப் இது தான். பத்து ட்ராக் இருக்கும், ஆனா ஒவ்வொரு விஷயத்தையும் ரெண்டு ட்ராக்ல ஒரே மாதிரி எழுதியிருப்பாங்க, ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு காப்பாத்தும். போதாததுக்கு காந்தப் பூச்சுக்கு மேலயும் மைலார் பிளாஸ்டிக் இருக்கும், அதனால ஹெட்டு நேரா ஆக்சைடுல உரசவே உரசாது. இன்னிக்கும் டெக்டேப்புங்க நல்லா படிக்க வர்றதுக்கு இது தான் காரணம். ஆரம்பத்துலயே எல்லாரும் இப்படி செஞ்சிருந்தா நமக்கு இவ்வளவு கஷ்டம் இல்ல, என்ன பண்றது.

ஏழா ஒன்பதா

அரை இன்ச் பிளாஸ்டிக் டேப்னு உறுதியாச்சுன்னா அடுத்த கேள்வி ட்ராக் எத்தன. இதுல தான் ஆரம்ப காலம், பிற்காலம்னு பிரியுது.

ஐபிஎம் 1952-ல 701 கம்ப்யூட்டரோட கொண்டு வந்த 726 டிரைவ் தான் பிளாஸ்டிக் டேப்ப இந்த வேலைக்கு நிலைநிறுத்துச்சு, ஏழு ட்ராக், இன்ச்சுக்கு 100 எழுத்து. அடுத்து வந்த 727-ல 200, அப்புறம் 729 வரிசைல 200, 556, 800ன்னு ஏறிக்கிட்டே போச்சு. ஏழுல ஆறு எழுத்துக்கு, ஒண்ணு பாரிட்டிக்கு, அதாவது தப்பா படிச்சா கண்டுபிடிக்க வைக்கற கூடுதல் பிட்டுக்கு. 1964-ல சிஸ்டம் 360 வந்தப்போ எட்டு பிட் பைட் வந்துடுச்சு, அதோட ட்ராக்கும் ஒன்பதாச்சு, முதல்ல இன்ச்சுக்கு 800, கொஞ்ச காலத்துல 1600, 1973-ல 6250. நம்ம ஊர்ல கிடைக்கறது பெரும்பாலும் இந்த ஒன்பது ட்ராக் வகை தான். சென்னை ஐஐடிக்கு 1973-ல ஐபிஎம் 370/155 வந்துச்சு, அந்த தலைமுறைல வேல பாத்தவங்க வீட்ல இருந்து வர்ற ரீலுங்க, அப்புறம் சாட்டிலைட் படம் பதிஞ்சு ஆராய்ச்சிக்கு கொடுத்த சிசிடின்னு லேபிள் போட்ட ரீலுங்க இதெல்லாம் அந்த வகை.

இப்ப ஒரு பொறி. ரீல்ல பளிச்சுன்னு "6250"னு அச்சடிச்சிருக்கும், இல்ல "3200 எஃப்சிஐ"ன்னு (இன்ச்சுக்கு இத்தன காந்த மாற்றம்) போட்டிருக்கும். புதுசா வர்றவங்க எல்லாரும் அத பாத்து டென்சிட்டி, அதாவது இன்ச்சுக்கு எத்தன எழுத்துன்னு, தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சுக்கறாங்க. அது டேப் தயாரிச்ச கம்பெனி "இந்த அளவு வரைக்கும் டெஸ்ட் பண்ணியிருக்கோம்"னு குடுத்த சான்று மட்டும் தான். 6250-க்கு சான்று வாங்கின டேப்ல ஆபரேட்டர் 800-ல எழுதியிருக்கலாம், தாராளமா நடக்கும். (3200 எஃப்சிஐங்கறது 1600-க்கான சான்று, 1600-ல எழுதற முறைல ஒரு பிட்டுக்கு ரெண்டு காந்த மாற்றம் வரைக்கும் வரும், அதான் ரெட்டிப்பு நம்பர்.) கைல எழுதின லேபிள்ல "9டி 800", "1600 பிஇ"ன்னு இருந்தா அத கொஞ்சம் நம்பலாம்.

உறுதியா தெரியணும்னா கண்ணால பாக்கணும். அதுக்கு மேக்னடிக் வியூவர்னு ஒரு சின்ன கண்ணாடி வில்லை மாதிரி இருக்கு, உள்ள நுண்ணிய இரும்புத் துகள் மிதக்கும், டேப் மேல வச்சா துகளெல்லாம் காந்தக் கோட்டு மேல போய் உக்காந்துக்கும். ட்ராக் எத்தனன்னு எண்ணிடலாம். திரவமா கிடைக்கற டெவலப்பர் இன்னும் தெளிவா காட்டும், ஆனா டேப் மேலயே ஊத்தணும், பிறகு துடைக்கணும், நல்ல நிலைமைல இல்லாத டேப்ல அத பண்ண நான் சொல்ல மாட்டேன். பாக்கறப்போ நடுநடுவுல ஒண்ணுமே இல்லாத இடைவெளி வரும், அது பதிவுக்கும் பதிவுக்கும் நடுவுல விடற கேப். ஏழு ட்ராக்ல முக்கால் இன்ச், ஒன்பது ட்ராக் 800-லயும் 1600-லயும் 0.6 இன்ச், 6250-ல 0.3 இன்ச். ஸ்கேல் வச்சு இத அளந்தாலே பாதி துப்பு கிடைச்சுடும். 1600-ன்னா டேப் ஆரம்ப இடத்துல ஒரே ஒரு ட்ராக்குல மட்டும் நீளமா ஒரு கோடு ஓடும், அது டிரைவுக்கு "நான் 1600"னு சொல்ற அடையாளம்.

இந்த கேப் இன்னொரு விஷயத்தையும் சொல்லும். 1600-ல பன்ச் கார்டு ஒண்ணோட 80 எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கும்? இன்ச்சுல இருபதுல ஒரு பங்கு. அதுக்கப்புறம் 0.6 இன்ச் வெறுமை. சில பேர் கார்டு கார்டா அப்படியே எழுதியிருப்பாங்க, அப்படி 2400 அடி முழுசா எழுதினாலும் மொத்தம் மூணரை மெகாபைட் தான் வரும், அதே டேப்ல பெரிய பிளாக்கா எழுதினா 40 மெகாபைட்ட தாண்டும். அதனால படிச்சு முடிச்சப்புறம் ஃபைல் சின்னதா இருக்கேன்னு பதற வேண்டாம்.

ட்ராக் பாக்க கொஞ்ச தூரம் டேப்ப பிரிக்க வேண்டி வரும். பிரிக்கறப்போ டேப்போட முதுகுப் பக்கம், அதாவது பூச்சு இல்லாத பக்கம், வெள்ளி கலர்ல ஒரு இன்ச் நீளத்துல குட்டி ஸ்டிக்கர் தெரியும், ஆரம்பத்துல இருந்து பத்து அடிக்கு மேல தள்ளி. அது தான் ஆரம்பக் குறி, டிரைவ் வெளிச்சம் அடிச்சு அத பாத்து தான் நிக்கும். பசை காஞ்சு அது உதிர்ந்து போயிருந்தா டிரைவ் நிக்காம ஓடிட்டே இருக்கும். உதிர்ந்திருந்தா பசை அடையாளம் எங்க இருக்குன்னு தேடி குறிச்சு வைங்க, அதே இடத்துல தான் புதுசு ஒட்டணும். கம்ப்யூட்டர் டேப்ல காந்தப் பூச்சு உள்பக்கம் பாத்து சுத்தியிருக்கும், அதனால வெளிய தெரியறது முதுகு தான். அதுக்காக உள்பக்கத்துல விரல் வைக்கலாம்னு அர்த்தம் இல்ல, கையுறை போட்டுக்கோங்க.

அசிடேட்டா பாலியஸ்டரா

பழைய டேப்ப எப்படி காப்பாத்தறதுங்கறத முடிவு பண்றது இந்த கேள்வி தான், இங்க தப்பு பண்ணா வைத்தியமே விஷமா ஆயிடும்.

ஐம்பதுகள்ல டேப்போட அடிப் பட்டை செல்லுலோஸ் அசிடேட். அப்புறம் டூபாண்ட் கம்பெனியோட மைலார், அதாவது பாலியஸ்டர் வந்து அறுபதுகள்ல அதுவே முழுசா எடுத்துக்கிச்சு. பாக்கற வழி: ரீல வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு பக்கவாட்டுல, தகட்டுல இருக்கற ஜன்னல் வழியா சுத்து மேல பாருங்க. அசிடேட்னா மங்கலா வெளிச்சம் ஊடுருவும், பாலியஸ்டர்னா இருட்டா இருக்கும். ஏற்கனவே அறுந்த முனை இருந்தா அதையும் பாருங்க, நறுக்குன்னு சுத்தமா உடைஞ்சிருந்தா அசிடேட், ஜவ்வு மாதிரி இழுபட்டு மெலிஞ்சு அறுந்திருந்தா பாலியஸ்டர். டெஸ்ட் பண்ணணும்னு நீங்களா அறுத்துப் பாக்காதீங்க.

அசிடேட்டுக்கு வர்ற நோய் தான் அந்த காடி வாடை. ஈரமும் சூடும் சேர்ந்து அசிடேட்டு உடைய ஆரம்பிச்சா அசிட்டிக் ஆசிட் வெளிய வரும், அந்த ஆசிடே மேற்கொண்டு உடையறத வேகப்படுத்தும், பக்கத்துல இருக்கற அசிடேட் ரீலுக்கும் பரவும். அதனால தான் தனியா வைக்கச் சொன்னேன். டேப் சுருங்கும், ஓரம் அலை அலையா நெளியும், கடைசில காஞ்ச சருகு மாதிரி நொறுங்கும். மூக்க மட்டும் நம்ப வேண்டாம்னா, அமெரிக்கால இமேஜ் பர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கற ஏ-டி ஸ்ட்ரிப்னு ஒரு நீல காகிதத் துண்டு இருக்கு, பெட்டிக்குள்ள ஒண்ணு போட்டு மூடி ஒரு நாள் வச்சா ஆசிட் அளவுக்கு ஏத்த மாதிரி நீலத்துல இருந்து பச்சை, மஞ்சள்னு மாறும். சினிமா ஃபிலிம் ஆர்கைவ்ல வேல பாக்கறவங்களுக்கு இது நல்லா தெரியும், அங்கயும் இதே நோய் தான்.

இந்த நோய்க்கு மருந்து கிடையாது, வேகத்த மட்டும் தான் குறைக்க முடியும். குளிர்ச்சி, வறட்சி, காத்தோட்டம். காத்து போகாத பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கி ஒட்டி வச்சீங்கன்னா ஆசிட் உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். மஞ்சளுக்கு வந்த டேப்பு தான் வரிசைல முதல்ல படிக்க வேண்டியது.

பாலியஸ்டருக்கு வேற வியாதி. பட்டை நூறு வருஷம் கூட தாங்கும், ஆனா காந்தத் துகள அதுல ஒட்ட வச்சிருக்கற பைண்டர் பாலியூரிதேன், அது காத்துல இருக்கற ஈரத்த குடிச்சு குடிச்சு பிசுபிசுன்னு ஆயிடும். எழுபது எண்பதுகள்ல வந்த டேப்ல தான் இது அதிகம். பழசு நல்லா இருந்து புதுசு கெட்டுப் போற விநோதம் இங்க தான் நடக்கும், 1965 டேப்பு சுத்தமா ஓடும், 1982 டேப்பு ஹெட்ல ஒட்டிக்கிட்டு கிறீச்சுனு கத்தும். ரீல கையால மெதுவா ஒரு சுத்து பிரிச்சுப் பாக்கறப்போ மேல் சுத்து கீழ் சுத்துல இருந்து லேசா விலகாம பசை தடவின மாதிரி தயங்கித் தயங்கி விட்டா, அது தான் அறிகுறி.

இதுக்கு வைத்தியம் இருக்கு, பேக்கிங்னு சொல்லுவாங்க. 54 டிகிரி செல்சியஸ் பக்கத்துல, சீரான சூட்டுல, பல மணி நேரம் வச்சு ஈரத்த வெளியேத்தறது. ஆம்பெக்ஸ் கம்பெனி பேட்டன்ட் எடுத்த முறை. லேப் இன்குபேட்டர் இருந்தா நல்லது, காய்கறி உலர வைக்கற டீஹைட்ரேட்டர் வச்சும் நிறைய பேர் பண்றாங்க, ஆனா தெர்மாமீட்டர் வேற ஒண்ணு உள்ள வச்சு செக் பண்ணணும், அதுலயே போட்டிருக்கற டிகிரிய நம்பக் கூடாது. கிச்சன் ஓவன் ஏறி இறங்கி ஆடும், வேண்டாம். மைக்ரோவேவ் பத்தி கேக்கவே கேக்காதீங்க. பேக் பண்ணி வெளிய எடுத்து தானா ஆற விட்டப்புறம் சில வாரம் நல்லா இருக்கும், அதுக்குள்ள படிச்சுடணும், மறுபடி ஈரம் ஏறினா பழைய கதை தான்.

ஆனா அசிடேட்ட ஒரு போதும் பேக் பண்ணாதீங்க. அது ஈரத்துல கெடறது போதாதுன்னு சூட்டுல இன்னும் வேகமா சிதையும், சுருங்கும், முடிஞ்சுது. அதான் மேல அந்த வெளிச்சத்துல பாக்கற டெஸ்ட்ட அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

எங்க வைக்கறது

படிக்கறதுக்கு மாசக்கணக்கா ஆகலாம், அது வரைக்கும் டேப்பு கெடாம இருக்கணும். ரீல புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைங்க, படுக்க வச்சு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க. படுக்க வச்சா சுத்து ஒரு பக்கமா சரிஞ்சு டேப் ஓரம் தகட்டுல மடங்கும், ஓரத்துல இருக்கற ட்ராக் முதல்ல போகும். 18ல இருந்து 20 டிகிரி, ஈரப்பதம் 30ல இருந்து 40 சதவீதம், இது கிடைச்சா அருமை. நம்ம ஊர்ல அது கஷ்டம்னு தெரியும். பகல்ல ஏசி போட்டு ராத்திரி ஆஃப் பண்ற ரூம விட, ஏசியே இல்லாம ஆனா நாள் பூரா ஒரே மாதிரி இருக்கற உள் ரூம் எவ்வளவோ மேல், ஏறி இறங்கறது தான் சுத்த இறுக்கித் தளர்த்தி கெடுக்குது. பாலியஸ்டர் டேப்னா மூடின டப்பால சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு, குட்டி ஈரப்பத மீட்டர் ஒண்ணு வச்சு, ஜெல் நிறம் மாறினா மாத்திக்கிட்டே இருங்க. ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, வெளிய எடுக்கறப்போ தண்ணி கோத்துக்கும். அசிடேட்டுக்கு குளிர் ரூம் வசதி இருக்கற ஆர்கைவ் கிட்ட கேளுங்க.

டப்பாக்குள்ள ஸ்பாஞ்சு துண்டு, ரப்பர் பேண்ட் இருந்தா எடுத்துடுங்க, பிசினா உருகி டேப் மேல ஒட்டிக்கும். காந்தத்தால அழிஞ்சுடுமோன்னு எல்லாரும் பயப்படறாங்க, ஸ்பீக்கர் மேல நேரா வைக்காம இருந்தா போதும், காந்தத்தோட பலம் தூரம் கூடக்கூட சட்டுன்னு விழுந்துடும். ஏர்போர்ட் எக்ஸ்ரே டேப்ப ஒண்ணும் பண்ணாது. டேப்புக்கு நிஜ எதிரி ஈரமும் அவசரமும் தான்.

கடைசியா, படிக்கறது

ஏழு ட்ராக் டேப்னா சொந்தமா முயற்சி பண்ண வேண்டாம், அதுக்கு ஹெட் வச்சிருக்கறவங்க உலகத்துலயே கொஞ்ச பேர். ஒன்பது ட்ராக்னா குவால்ஸ்டார், ஹெச்பி, எம்4 டேட்டா மாதிரி எண்பது தொண்ணூறுகள்ல வந்த டிரைவுங்க செகண்ட்ஸ்ல இன்னும் கிடைக்குது. தேர்ந்தெடுக்கறப்போ டேப்ப கையால மாட்டற டிரைவா பாருங்க, வழி நேரா, திறந்து, கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கணும். ரீல உள்ள தள்ளினா தானே காத்து ஊதி மாட்டிக்கற ஆட்டோ லோடு டிரைவ் வசதி தான், ஆனா நலிஞ்ச டேப்ப அது எங்க மாட்டி இழுக்குதுன்னே உங்களுக்குத் தெரியாது.

முதல்ல முக்கியமில்லாத ஒரு டேப்ப, பழைய வெத்து டேப்ப போட்டு டிரைவ் டேப்ப கீறுதான்னு பாருங்க. ஹெட்ட 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால ஒவ்வொரு ரீலுக்கும் முன்னாடி துடைங்க, ரப்பர் ரோலர்ல மட்டும் அது படக் கூடாது, ரப்பர் காஞ்சு வெடிக்கும். ஓட்டறப்போ காதும் வேல செய்யணும். கிறீச் சத்தம் வந்தா, ஹெட்ல பழுப்பா படிஞ்சா, உடனே நிறுத்துங்க, இன்னும் கொஞ்சம் தான் இருக்குன்னு ஓட்டாதீங்க.

இன்னொரு ஆபத்து டிரைவோட சொந்த புத்திசாலித்தனம். ஒரு பிளாக் படிக்க வரலன்னா டிரைவ் தானே பின்னாடி போய் முன்னாடி வந்து திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், அந்த ஒரு இடத்துல ஹெட் உரசி உரசி ஆக்சைடே போயிடும். ரீட்ரைய ஆஃப் பண்ணவோ குறைக்கவோ முடிஞ்சா பண்ணிடுங்க, படிக்க வராத பிளாக்க குறிச்சு வச்சுட்டு மேல போங்க.

இப்ப கொஸ்ஸோவ் பண்ண முறைக்கு வர்றேன். டிரைவ் குடுக்கற பிட்ட நம்பாம, ஹெட்ல இருந்து வர்ற அனலாக் சிக்னல ட்ராக் ட்ராக்கா அதிவேக டிஜிட்டைசர்ல அப்படியே பதிஞ்சுக்கறது. டேப்பு ஒரே ஒரு தடவ தான் ஓடும். அப்புறம் அந்த அலைய வச்சு எது பிட்டுன்னு முடிவு பண்றதெல்லாம் சாஃப்ட்வேர் வேல, லென் ஷுஸ்டெக் எழுதின ரீட்டேப்னு ஒரு புரோகிராம் இதுக்குன்னே இருக்கு, யாரு வேணாலும் யூஸ் பண்ணலாம். இதுல என்ன லாபம்னா, 800-லயும் அதுக்கு முந்தின டேப்லயும் காந்தம் மாறினா 1, மாறலன்னா 0, அவ்வளவு தான் விதி. கடிகாரத் துடிப்புன்னு தனியா ஒண்ணு கிடையாது, எந்த ட்ராக்லயாவது 1 வந்தா அத வச்சு தான் எழுத்தோட இடமே தெரியும். டேப் லேசா கோணலா ஓடினா ஒரு ட்ராக் முந்தும், இன்னொண்ணு பிந்தும், டிரைவ் ஒரு எழுத்த ரெண்டா படிச்சுட்டு எர்ரர்னு கைய விரிச்சுடும். அலையா பதிஞ்சு வச்சிருந்தா ஒவ்வொரு ட்ராக்கையும் எவ்வளவு நகர்த்தணுமோ அவ்வளவு நகர்த்தி, டேப்ப தொடாமலே நூறு தடவ முயற்சி பண்ணலாம். முடிஞ்சா உங்க முக்கியமான டேப்ப இப்படி படிக்கற வசதி இருக்கறவங்க கிட்ட தான் குடுக்கணும்னு சொல்லுவேன்.

சாதா டிரைவ்ல படிக்கறீங்கன்னா, டேப்ப ஒரே நீள ஃபைலா காப்பி பண்ணிடாதீங்க. எந்த பிளாக் எங்க முடிஞ்சுது, டேப் மார்க், அதாவது ஃபைல் முடிஞ்சதுன்னு காட்டற குறி, எங்க இருக்குங்கற தகவலே போயிடும், அது இல்லன்னா பின்னாடி யாராலயும் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல ஏத்த முடியாது. பழைய கம்ப்யூட்டர இன்னிக்கு மெஷின்ல நடிக்க வைக்கற சிம்ஹெச் எமுலேட்டரோட .tap ஃபார்மட்ல சேவ் பண்ணுங்க, ஒவ்வொரு பதிவுக்கும் முன்னாடியும் பின்னாடியும் அதோட நீளத்த நாலு பைட்டா எழுதும், டேப் மார்க்குன்னா நாலு பூஜ்ஜியம். ரெண்டு டேப் மார்க் அடுத்தடுத்து வந்தா டேட்டா முடிஞ்சுதுன்னு வழக்கம், ஆனா அதோட நிறுத்திடாதீங்க, அதுக்கப்புறம் பழைய ஆட்கள் விட்டுட்டுப் போன முந்தின தலைமுறை டேட்டா இருக்கும், டேப் முடியற வரைக்கும் படிங்க. பல நேரம் சுவாரசியமே அங்க தான் இருக்கு.

வந்த ஃபைல ஹெக்ஸ்ல திறந்து, முதல்ல வர்ற அந்த நீளத்தோட நாலு பைட்ட தாண்டி அடுத்த நாலு பைட்ட பாருங்க. இ5 டி6 டி3 எஃப்1னு இருந்தா ஐபிஎம்மோட எழுத்துக் குறியீடான எப்சிடிக்ல "வால்1"ங்கற லேபிள், 56 4எஃப் 4சி 31னு இருந்தா அதே லேபிள் ஆஸ்கில. ரெண்டுல எது வந்தாலும் நீங்க சரியா படிச்சிருக்கீங்க, அடுத்த சில எழுத்துல டேப்போட சீரியல் இருக்கும், ரீல் மேல எழுதின நம்பரோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. ரெண்டுமே இல்லன்னா லேபிள் இல்லாத டேப்பா இருக்கலாம், அதுவும் சகஜம். ஏழு ட்ராக்னா இன்னும் ஒரு சிக்கல், எழுத்துக்கு இரட்டைப் பாரிட்டி, பைனரிக்கு ஒற்றைப் பாரிட்டி, ஒரே டேப்ல ரெண்டும் கலந்து கூட வரும்.

ஃபைலோட செக்சம் (பின்னாடி ஃபைல் மாறிச்சான்னு சரிபாக்கற எண்) எடுத்து, முதல் நாள் எடுத்த போட்டோ, டிரைவ் மாடல், படிக்க வராத பிளாக் லிஸ்ட் எல்லாம் ஒரே ஃபோல்டர்ல போட்டு மூணு இடத்துல வைங்க, அதுல ஒண்ணு வேற ஊர்ல இருக்கணும். நெட்ல ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ உள்ள என்ன இருக்குன்னு புரட்டிப் பாருங்க, சம்பளப் பட்டியல், மார்க் லிஸ்ட், ஆஸ்பத்திரி ரெக்கார்டுன்னு உயிரோட இருக்கறவங்க பேரு வரலாம். டேப்ப மட்டும் படிச்சாச்சேன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, இன்னிக்கு வராத பிளாக்க பத்து வருஷம் கழிச்சு வேற யாராவது நல்ல ஹெட் வச்சு எடுப்பாங்க, வளையம் கழட்டினபடியே நிமிர்த்தி வச்சு மேல தேதியோட "படிச்சாச்சு, 14ம் பிளாக் வரல"ன்னு ஒரு சீட்டு எழுதி டப்பாக்குள்ள போடுங்க.